கண்ணால் கண்ட இறந்தகாலம்

அத்தைக்குத் துருக்கி மொழி வராது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள், அத்தையைத் தவிர. அப்பாவின் ஒரே தங்கை அவள். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கம்பளக் கடையில் வேலை பார்த்தாள். துருக்கி பேசத் தெரிந்த ஒருவரை துருக்கியிலுள்ள தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்போவதாக முதலாளி சொன்ன அன்றே, கைத்தொலைபேசியில் பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பத்து வயதான நான்தான் அவளுக்குப் பரீட்சை வைப்பவள். சோறு வடிக்கும்போதும் விடமாட்டேன்.

"வீடு?"

"எவ்."

"வீட்டில்?"

"எவ்தே. வீட்டிலிருந்து, எவ்தென். நம்ம தமிழ் மாதிரிதான் லா, பின்னாலயே ஒட்டிக்கிட்டுப் போலாம்."

வேற்றுமை எளிதாக வந்தது. இறந்தகாலம்தான் படுத்தியது. ஒருவர் வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் 'கெல்தி'. பிறர் சொல்லிக் கேட்டிருந்தால் 'கெல்மிஷ்'. மாற்றி மாற்றிச் சொல்லி என்னிடம் திட்டு வாங்குவாள். "இன்னொரு தடவ கேளு" என்பாள். பேருந்திலும் முணுமுணுத்துக்கொண்டே போய், ஒருநாள் இறங்கும் இடத்தைத் தவறவிட்டாள்.

நேர்காணல் ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில், வீடியோவில் நடந்தது. எதிரே அப்பா சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையில் இருந்த துருக்கி அம்மாள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அத்தை அண்ணனைச் சொன்னாள், என்னைச் சொன்னாள். தந்தையைப் பற்றிக் கேட்டதும், "பாபாம் கித்தி" என்றாள். 'என் அப்பா போனார்' என்று அர்த்தம்.

தாத்தா சுங்காய் ரப்பர் தோட்டத்தில், அத்தை பிறக்கும் முன்பே இறந்துவிட்டார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அழைப்பு முடிந்ததும் பாய்ந்தேன்.

"அத்தை, ரெண்டு தப்பு. செத்துட்டாருன்னு சொல்லணும். அதுக்கும் மிஷ் போடணும். நீங்க பார்க்கலயே."

"தப்பு இல்ல பாப்பா. பார்த்தேன். எனக்கு அஞ்சு வயசு. அவரு பஸ் ஏறிப் போனாரு. நானும் உங்கப்பாவும் தோட்டத்து கேட்டுல நின்னோம்."

"சின்னப் புள்ளகிட்ட எதுக்கு இதெல்லாம்?" என்றார் அப்பா.

"பார்த்ததத்தான் சொன்னேன் அண்ணே."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். தட்டில் அவருக்குப் பிடித்த மீன் அப்படியே இருந்தது.

அத்தைக்கு வேலை கிடைத்தது. என் பரீட்சைகளால்தான் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். விமான நிலையத்தில் அவள் கண்ணாடிக் கதவை நெருங்கும் முன்பே, கார் நிறுத்திய நேரம் முடியப்போகிறது என்று சொல்லி அப்பா திரும்பி நடந்தார். அத்தை கையசைத்தபோது நான் மட்டும்தான் நின்றிருந்தேன். அங்கே பார்க்கிங் கட்டணம் ரொம்ப அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.