மாங்காய் சிக்கிய மாடு

தரணிக்குச் சந்தேகம் கூடப் பிறந்த குணம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தன் கையால் திறந்தால்தான் குடிப்பாள். நகரியில் விசைத்தறி ஓட்டும் அவளுடைய நைனா, "இவகிட்ட எவன் வந்து மாட்டிக்கப் போறானோ" என்று கவலைப்படுவார். திருப்பதியில் கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறவள், மூன்று மாதப் பயிற்சிக்காகப் புத்தூரில் டாக்டர் ஹேமநாத்தின் கிளினிக்குக்கு வந்தபிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிப்போனது. மாடு எதையும் தின்னவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அது கல்யாண வீட்டுச் சோற்றை ஒரு அண்டா காலி செய்திருக்கும். நாய்க்குப் பால்சோறுதான் போடுகிறோம் என்பார்கள். எக்ஸ்ரேயில் கோழி எலும்பு தெரியும். மனிதர்கள் இவ்வளவு கூசாமல் பொய் சொல்வார்கள் என்று அவளுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

அது மாங்காய் பறிக்கும் மாதம். டாக்டர் ரேணிகுண்டா பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தார். கோபிகிருஷ்ணன் என்ற விவசாயியும் அவர் மனைவி சுந்தரியும் மினி வேனில் ஒரு பசுவை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதன் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிந்தது.

"மாங்காய முழுங்கிடுச்சிம்மா. தொண்டையில மாட்டிக்கினு கீது" என்றார் கோபிகிருஷ்ணன்.

நம்பக்கூடிய பேச்சுதான். அந்த மாதத்திலேயே அப்படி நாலு மாடு வந்திருந்தன. இருபது வருடமாக அங்கே கம்பவுண்டராக இருக்கும் புருஷோத்தமன் சட்டைக் கையை மடித்தார். மாட்டின் வாயில் கைவிட்டு மாங்காய் எடுப்பது அவருக்குச் சர்வசாதாரணம்.

தரணி மாட்டை ஒருமுறை சுற்றிவந்தாள். தொண்டை அடைத்த மாட்டுக்கு ஏப்பம் வராது. இடது பக்க வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். இதற்கு வயிறு ஒட்டிக் கிடந்தது. கத்தியபோது குரல் கரகரவென்று உடைந்து வந்தது. வெறிநோய் கண்ட மாடும் இப்படித்தான் எச்சில் வடிக்கும்.

"அண்ணா, கைய உடாதீங்க."

"இன்னும் பரீட்சையே எழுதல. அதுக்குள்ள எனக்கே ஆர்டரா?"

தரணி அவருக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். பயிற்சிக்குக் கையெழுத்துப் போடப்போகிற டாக்டரிடம் இவர் என்ன ஓதுவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நகரவில்லை.

"நாய் எதுனா கடிச்சிச்சா?" என்று கோபிகிருஷ்ணனைக் கேட்டாள்.

"சேச்சே. இது கொட்டாய உட்டு வெளியவே போவாது."

கொட்டகையை விட்டுப் போகாத மாட்டுக்கு மாங்காய் எங்கிருந்து கிடைத்தது? அவள் குனிந்து பின்னங்காலைப் பார்த்தாள். ஆறிப்போன தழும்பு ஒன்று இருந்தது.

"அது முள்ளுக்கம்பி கிழிச்சது" என்றார் அவர், கேட்பதற்கு முன்பே.

"ஆமாம்மா, எங்கிட்டயும் அப்பவே சொன்னாரு" என்றாள் சுந்தரி. "மாங்காதான் இது. காலையிலேர்ந்து நானும் எத்தினி வாட்டி கைய உட்டுத் தேடினேன், ஒண்ணும் சிக்கல." வலது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் மாட்டுப் பல் உராய்ந்த கீறல்கள்.

தரணி கையுறையை மாட்டிக்கொண்டு சுந்தரியைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்பைக் கொடுத்தாள். "கால் மணி நேரம் கழுவுங்க அக்கா, நிறுத்தாதீங்க. இங்கிருந்து நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்."

பிறகு கோபிகிருஷ்ணனிடம் திரும்பினாள். "இது வெறிநாய் கடிச்ச மாடா இருந்து, ஊசியும் போடலன்னா, அக்கா பொழைக்க மாட்டாங்க. இப்ப சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒன்றர மாசம் ஆவுது. தெரு நாயி. வெளிய சொன்னா ஊர்ல ஒருத்தன் நம்ம பால வாங்குவானா?"

சந்தேகம் பலித்ததில் தரணிக்குத் துளியும் சந்தோஷமில்லை. புருஷோத்தமன் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு டாக்டருக்கு போன் போட்டார்.

சுந்தரி நுரையோடு நின்றபடியே புருஷனைக் கேட்டாள். "என்னைக் கைய உடச் சொன்னியே, நீ ஏன் உடல?"

"எங் கை பெருசு, உள்ள போவாது. மெய்யாலுமே மாங்காதான்னு நெனச்சேன் சுந்தரி."

"அப்படி நெனச்சிருந்தா, நீயே உட்டிருப்ப."