ஒத்தைக்கை வயர்மேனின் மண்டை வயரிங்

வாதம் வந்து விழுந்துபோன கையை வயர்மேன் கரண்டுக்குள் விட்டாராம், கரண்டு ஓர் உலுக்கு உலுக்கியதாம், கை உயிர் பெற்று எழுந்துவிட்டதாம். தெரு முழுக்க இதே பேச்சு. இஸ்திரிக்காரர் சொன்னபோது கை மட்டும்தான் எழுந்தது. காய்கறிக் கடைக்கு வந்து சேர்வதற்குள் வயர்மேனின் வழுக்கையில் முடியும் முளைத்துவிட்டது. முழங்கால் வலிக்காரர் ஒருவர் தன் வீட்டு பிளக் பாயிண்டைப் பாசத்தோடு பார்க்க ஆரம்பித்த பிறகு, இதைச் சும்மா விடுவது பாவம் என்று ஆயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பிளக் பாயிண்டையாவது மூட வேண்டாமா?

யார் பார்த்தது என்று விசாரித்தால் காய்கறிக் கடை இஸ்திரிக்காரரைக் காட்டியது. இஸ்திரிக்காரர் சலூனைக் காட்டினார். சலூன்காரர் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு மார்பைத் தட்டிக்கொண்டார்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேங்க. எதிர்வீட்டு ஜன்னல், இங்கேருந்து நேராத் தெரியும். போர்டுல கை இருந்துச்சு. அந்தம்மா 'ஐயோ'ன்னு கத்துச்சு. கை துள்ளுச்சு. கரண்டு இல்லாம கை எப்படிங்க துள்ளும்?"

நல்ல கேள்வி. சலூன்காரர் கேட்டது சரி, பதில்தான் கோணல். கரண்டு இல்லாமல் யார் கையும் துள்ளாது. உங்கள் கையும் என் கையும்கூட. அது எந்தக் கரண்டு, எங்கிருந்து கிளம்பியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வயர்மேனுக்கு 'ஒத்தைக்கை' என்ற பட்டம் வாதம் வருவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. எந்த வீட்டில் போர்டைத் திறந்தாலும் அவருடைய இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது கை மட்டும் வேலை பார்க்கும். கேட்டால் சொல்வார்: "ரெண்டு கையையும் வெச்சா, கரண்டு ஒரு கையில ஏறி, நெஞ்சுக்குப் போய் வணக்கம் வெச்சுட்டு, இன்னொரு கையில இறங்கும். அந்த மரியாதை நமக்கு எதுக்கு?" தொழில் கற்ற நாளிலிருந்து இதே பழக்கம். அவர் மனைவி தைத்துத் தைத்து அலுத்தது இடது பாக்கெட்டுகளைத்தான். வலது பாக்கெட்டு கடைசிவரை புதுசாகவே இருக்கும்.

மகள் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் வயர் போகிற குழாய் பதித்ததிலிருந்து எல்லாம் அவர் கைதான். மெயின் போர்டு மட்டும் பாக்கி. "என் பொண்ணு வீட்டு போர்டுல அடுத்தவன் கை படட்டும், ஃபியூஸ் அங்க போகாது, இங்க போகும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

போனது நெஞ்சில் அல்ல, தலையில்.

ஒரு காலையில் டீ டம்ளர் வலது கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. மனைவி திட்டுவதற்குத்தான் திரும்பினாள். வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வாதமா என்று பார்க்கச் சிரிக்கச் சொல்ல வேண்டும் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் சிரிங்க."

காலங்காத்தாலே சிரிப்பதற்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்க நினைத்தார். வாயிலிருந்து வந்தது கூழ். இன்னொரு டம்ளர் டீ கொடுத்துப் பார்க்கலாம், படுத்து எழுந்தால் சரியாகும் என்ற பேச்சுக்கெல்லாம் அவள் இடம் கொடுக்கவில்லை. வாசலில் போன ஆட்டோவை மறித்து, அவரை மூட்டை மாதிரி ஏற்றி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினாள். இந்தக் கதையில் யாராவது கையைக் காப்பாற்றினார்கள் என்றால் முதல் கணக்கு அந்த அவசரத்துக்குத்தான் போகவேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து நேரத்துக்குள் போனால்தான் வேலை செய்யும்.

சில நாளில் நாக்கு நேரானது. நேரானதும் சண்டைக்குப் போனது.

"மூளையோட இடது பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருந்துச்சு" என்றார் டாக்டர்.

"டாக்டர், போனது வலது கை. நீங்க இடது பக்கம் பாத்திருக்கீங்க. பக்கத்து வீட்டுல ஃபியூஸ் தேடுறீங்களே!"

டாக்டர் சிரித்தார். மூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் நரம்புப் பாதைகளில் பெரும்பகுதி, கழுத்துக்குச் சற்று மேலே, மூளைத் தண்டின் அடியில் பக்கம் மாறிக்கொள்ளும் என்றார். இடது மூளைக்கு வலது கை, வலது மூளைக்கு இடது கை.

"கிராஸ் லைனா? எவன் இழுத்தது? நான் இப்படி இழுத்திருந்தா வீட்டுக்காரர் கூலியே குடுத்திருக்க மாட்டாரு. எதுக்காக மாத்தினாங்க?"

"அது எங்களுக்கும் உறுதியாத் தெரியாது."

வயர்மேனுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தோஷம். "பாத்தியா? முதல் வயர்மேன் பிளானைக் குடுக்காமலே போயிட்டான்" என்றார் மனைவியிடம். வலது கை மட்டும் போர்வை மேல் யாருடையதோ போலக் கிடந்தது.

வீடு திரும்பியதும் பிசியோதெரபிஸ்ட் பெண் வரத் தொடங்கினாள். அந்தப் பட்டத்தை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பயிற்சி நேரம் போய்விடும் என்று வயர்மேன் அவளைப் 'பிசியோம்மா' ஆக்கினார். அவள் கையைத் தூக்கித் தூக்கிப் போடுவாள். இவர் கேள்வியாகக் கேட்டுக் குடைவார். தலைக்குள் எட்டாயிரம் கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன என்றதும் விசில் அடிக்கப் பார்த்தார். உதடு இன்னும் ஒத்துழைக்கவில்லை. நீளமான நரம்பிழைகளுக்கு மேலே கொழுப்பில் ஓர் உறை உண்டு, அதனால்தான் செய்தி வேகமாகப் போகிறது என்றதும், "இன்சுலேஷன்! சரியான ஆளுதான்" என்று முதல் வயர்மேனைப் பாராட்டினார். அடுத்த வாக்கியத்தில் பாராட்டைத் திரும்பப் பெற்றார். ஏனென்றால் அடுத்த வாக்கியம், ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவைத் தொடுவதே பெரும்பாலும் கிடையாது என்பது.

"தொடாதா? ஜாயிண்டை ஓப்பனா விட்டிருக்கானா? ஒரு டேப்பாவது சுத்தியிருக்கலாமே!"

"அண்ணே, அந்த இடைவெளியிலதான் விசேஷமே இருக்கு. கரண்டு இந்தக் கரைக்கு வந்து நிக்கும். இங்கேருந்து துளித்துளியா ஒரு ரசாயனம் அந்தக் கரைக்குப் போகும். அங்க புதுசாக் கரண்டு கிளம்பும். போக்குவரத்து இருந்தா அந்தத் துறை பலமாகும். இல்லைன்னா தூர்ந்துபோகும்."

"அப்ப அது வயரே இல்லை. படகுத்துறை."

"படகுத்துறைன்னே வெச்சுக்கங்க. நீங்க படகு விடாம உக்காந்திருக்கீங்க, அதான் பிரச்சினை."

இன்னொரு நாள், மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கென்று ஒரு வரைபடம் இருக்கிற கதையைச் சொன்னாள். கைகாலை அசைக்கிற அந்தப் பட்டையில் முதுகு முழுவதற்கும் கிடைத்திருப்பது ஒரு பெட்டிக்கடை அளவு இடம். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் பங்களா. உதட்டுக்கும் நாக்குக்கும் இன்னொரு பங்களா.

"இவ நாக்குக்குத் தெருவையே எழுதி வெச்சிருப்பாங்க" என்றார் வயர்மேன்.

"ஆமா, உங்க காதுக்குத்தான் ஒரு திண்டு போடக்கூட இடம் குடுக்கலை" என்றாள் மனைவி சமையற்கட்டிலிருந்து.

கண்ணாடிப் பயிற்சிக்குப் பெரிய கண்ணாடி வேண்டும் என்றாள் பிசியோம்மா. எதிர்ச் சலூனில் சுவருக்கு ஒன்றாக இரண்டு இருந்தன. மனைவி போய்க் கேட்க, சலூன்காரர் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். சும்மா இல்லை. அவர் கடை விளக்கு பல நாளாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. "கை வந்ததும் முதல் வேலை என் லைட்டு. சொல்லிட்டேன்." வயர்மேன் ஜன்னல் வழியாகவே வாக்குக் கொடுத்தார்: "முதல் வேலை உன் லைட்டுதான்யா!"

கண்ணாடியை மேசையில் குறுக்கே நிறுத்தினார்கள். பின்னால் வலது கை, முன்னால் இடது கை. இடது கையை அசைத்தால், கண்ணாடிக்குள் வலது கை அசைகிற மாதிரி இருக்கும். கண் சொல்வதை மூளை கொஞ்சம் நம்பும், நம்பிப் பழைய பாதையைத் தட்டிப் பார்க்கும். தட்டியது. மணிக்கட்டு லேசாக எழும்பியது, விரல்கள் அரைகுறையாக மடங்கி விரிந்தன. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. காரணம் வலது கை அல்ல. பட்டன் போடுவதா, டம்ளர் எடுப்பதா, முதுகு சொறிவதா, எல்லாவற்றுக்கும் இடது கை முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்து நின்றது.

"வலது கைக்கு வேலையே இல்லைன்னு மூளை முடிவு பண்ணுது. இடது கையைக் கட்டிப்போடணும்" என்று பிசியோம்மா அதற்குத் தடித்த துணியுறை மாட்டிவிட்டாள். அவள் படியிறங்குவதற்குள் வயர்மேன் அதைப் பல்லால் கழற்றிவிடுவார்.

இந்த நேரத்தில் மகள் போன் பண்ணினாள். வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது. "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்ப்பா. வாடகை வீட்டை அப்பவே காலி பண்ணணும். முடியலைன்னா போர்டுக்கு மட்டும் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

"கூப்பிட்டுக்கம்மா" என்றார். அன்று முழுக்கக் கேள்வியே கேட்கவில்லை. கேள்வி கேட்காத வயர்மேனைப் பார்த்து மனைவிக்கு ஆஸ்பத்திரி நாளைவிட அதிகப் பயம்.

மறுநாள் பிசியோம்மா, மனுஷரை உற்சாகப்படுத்தலாம் என்று கட்டிலடியிலிருந்து ஒரு பழைய ஸ்விட்ச் போர்டை இழுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, இடது கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திருகட்டும் என்பது திட்டம். மூடி திறந்தது. ஸ்க்ரூடிரைவர் மேசையில் விழுந்தது. இடது கையைக் காணவில்லை.

"அண்ணே, கையை ஏன் பாக்கெட்டுல விடறீங்க? எடுங்க."

எடுத்தார். போர்டைப் பார்த்தார். கை மறுபடி உள்ளே.

"விளையாடாதீங்கண்ணே."

"நான் எங்கம்மா விட்டேன்? அதுவாப் போகுது!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது அப்படித்தான். திறந்த போர்டைப் பாத்தா அதுக்குப் பாக்கெட்டுதான் வீடு. நான் தைச்ச தையலைக் கேட்டுப் பாரு."

பிசியோம்மா திட்ட வாயெடுத்துப் பாதியில் நிறுத்தினாள். நாற்காலி பின்னால் சாய எழுந்தாள். "அக்கா! நான் உறை மாட்டி, கயிறு கட்டி, கெஞ்சிப் பாத்தும் அடங்காத கை அக்கா இது! போர்டைக் காட்டினா தானாப் போய்ப் படுத்துக்குதே!"

ஊறிப்போன பழக்கத்தை நடத்துகிற முடிச்சுகள் மூளையின் ஆழத்தில் கிடக்கின்றன. அடைப்பு அவற்றைத் தொடவில்லை. "மாடியில தீப்பிடிச்சது கீழ இருக்கற வாட்ச்மேனுக்குத் தெரியாதுண்ணே. அவன் பாட்டுக்கு டியூட்டி பாக்கறான்" என்றாள். கண்ணாடியைத் தள்ளி வைத்தார்கள். போர்டை ஜன்னலோரச் சுவரில் மாட்டினார்கள். வால் மாதிரித் தொங்கிய வயர்கள் எதிலும் சேரவில்லை. இருந்தும் மனைவியை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் வயர்மேன் எழுந்து நின்றார்.

இடது கை பாக்கெட்டுக்குள் போனது. போர்டு திறந்து கிடந்தது. ஒரு திருகு துருத்திக்கொண்டு நின்றது. வேலைக்கு ஆள் இல்லை.

முதலில் தோள் எழும்பியது. கை பாதி வழி வந்து விழுந்தது. மறுபடி எழும்பியது, சுவரைப் பிடித்து ஊர்ந்தது, போர்டின் விளிம்பில் மணிக்கட்டு தங்கியது. மனைவி துணி சுற்றித் தடிப்பாக்கிய ஸ்க்ரூடிரைவரை விரல்களுக்குள் செருகினாள். நான்கு விரல்கள் மூடின. கட்டைவிரல் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தது. வயர்மேன் நாக்கைக் கடித்துக்கொண்டார். கட்டைவிரலும் வந்து சேர்ந்தது. திருகு கால் சுற்று சுற்றியது. இறுக்கம் தாங்காமல் கை வெடுக்கென்று ஒரு துள்ளு துள்ளியது.

"ஐயோ! திருகிட்டாருடி!" என்று மனைவி அலறினாள்.

எதிர்ச் சலூனில் ஒரு வாடிக்கையாளர் பாதிக் கிருதாவை இழந்தது அந்தக் கணத்தில்தான். வதந்தி பிறந்ததும் அப்போதுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு திருகும் நிம்மதியாக இருக்கவில்லை. காலையில் மனைவி தளர்த்துவாள், இவர் இறுக்குவார். பிசியோம்மா வரும்போதெல்லாம் கட்டிலடியிலிருந்து புதிதாக ஒரு போர்டு வெளியே வரும். "எல்லாருக்கும் இப்படி வராதுண்ணே. உங்களுக்குக் கொஞ்சம் லைன் தப்பிச்சிருக்கு, பக்கத்துல இருக்கறதும் கை குடுக்குது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் முக்கியம். விடாமப் படகு விடுங்க" என்று எச்சரித்துவிட்டு, அவளே திருகு எண்ணுகிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

மாதக் கடைசியில் மகள் வீட்டு மெயின் போர்டு முன்னால் வயர்மேன் நின்றார். சப்ளையை அணைத்து, சோதித்து, மறுபடி சோதித்தாயிற்று. மனைவி டார்ச் பிடித்தாள். இடது கை பாக்கெட்டில். முன்பு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிக்கிற வேலை, மத்தியானத்தைத் தின்று சாயங்காலத்தையும் கடித்தது. கடைசித் திருகில் கட்டைவிரல் வழுக்கியது. திரும்பவும் வழுக்கியது.

"அப்பா, வேணும்னா நான்..."

"பேசாத! பங்களாவுல வேலை நடக்குது."

திருகு உட்கார்ந்தது. மெயினைப் போட்டாள் மகள். கூடம், சமையற்கட்டு, மாடிப்படி, எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. வயர்மேன் விளக்குகளைப் பார்க்கவில்லை. வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விசில் அடித்தார். இந்த முறை உதடு ஒத்துழைத்தது.

ஆக, கரண்டு இருந்தது உண்மை. அது இடது மூளையில் கிளம்பி, கழுத்துக்கு மேலே பக்கம் மாறி, துறை துறையாகப் படகேறி விரலுக்கு வந்த கரண்டு. பிளக் பாயிண்டில் அது கிடைக்காது. முழங்கால்காரர் கவனிக்கவும்.

சலூன்காரர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு வழக்கு இருக்கிறது.

"முதல் வேலை என் லைட்டுன்னு சொன்னீங்களா இல்லையா? கண்ணாடியும் வரலை, லைட்டும் எரியலை."

"முதல் வேலைதான் பொண்ணு வீட்டுல முடிஞ்சுபோச்சேய்யா. இனிமே அது எப்படி முதல் வேலையாகும்? சரி, நீ அந்த ஷாக் கதையை வாபஸ் வாங்கு. வந்து போட்டுத் தர்றேன்."

"லைட்டைப் போடுங்க, வாபஸ் வாங்கறேன்."

"வாங்கு, போடறேன்."

கண்ணாடி இன்னும் வயர்மேன் வீட்டில்தான் இருக்கிறது. மனைவி அதன் முன்னால் நின்று தலைவாருகிறாள். எதிரே, மிச்சமிருக்கிற ஒரே கண்ணாடிக்கு மேல், சலூன் விளக்கு தெருவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறது.