தூசியைப் பற்றி அக்கா கேட்டது

எங்கள் அன்பு அக்கா பெண்ணாடத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பீங்கான் பொம்மைக் கூடத்தில் வேலை செய்தே இரு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். எதையும் கேள்வி கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அவர் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், தம்பியாகிய நான் அந்தக் கேள்விகளைப் பற்றியே எழுதுகிறேன்.

காய்ந்த பொம்மையின் பிசிறைக் கத்தியால் சுரண்டி, பொடியை வாயால் ஊதித் தள்ளுவது அக்காவின் வேலை. மாலையில் எல்லோரும் ஒரு துண்டு வெல்லம் தின்பார்கள். அது தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. வெல்லம் வயிற்றுக்குப் போனது, தூசி நுரையீரலுக்குப் போனது.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் வேலையை விட்டார். நோய் விடவில்லை.

"புதுசா தூசி எதுவும் போவலியே, இன்னும் ஏங்க முத்துது?" என்று மருத்துவரிடம் கேட்டார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நுரையீரலில் காவல் செல்கள் உண்டு. கிருமியைப் போலவே, பீங்கான் மண்ணில் கலந்திருக்கும் மணல் படிகத் தூளையும் அவை விழுங்கிவிடுகின்றன. ஆனால் தூள் செரிப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பையைக் கிழிக்கிறது. செல் சாகும்போது மற்ற செல்களை உதவிக்கு அழைக்கிறது. வெளியே விழுந்த அதே தூளை அடுத்த செல் விழுங்குகிறது. இப்படி அழற்சி ஓயாமல் நடந்து, நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது.

"பாவம், அதுவும் நம்மள காப்பாத்தத்தான் வருது, இல்லிங்களா?" என்றார் அக்கா. நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

பிறகு, "என் பக்கத்துல ஒக்காந்து செல்வியும்தான் ஊதுனா. அவளுக்கு ஏங்க வரல?" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதும்மா. அவங்களுக்கும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

அன்று முதல் அக்காவுக்குத் தம் நோய் மறந்துபோனது. படம் எடுக்கக் கூப்பிட்டால் செல்வியோ வர மறுத்தார். "வேல போயிடும்க்கா."

"மூச்சு போனா வேலய வெச்சிக்கினு என்னா பண்ணுவ? நானும் வரேன், வா."

ஆக்சிஜன் சிலிண்டருடன் ஆட்டோவில் ஏறி அக்கா செல்வியை அழைத்துப்போனார். படத்தில் சிறு புள்ளிகள் தெரிந்தன. செல்வி அழுதார். அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "என்து மாதிரி இல்ல, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது. இன்னியோட வுட்டுடு," என்றார். அதன்பின் அக்கா வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை.

மருத்துவருக்கும், காசு வாங்க மறுத்த ஆட்டோ ஓட்டுநருக்கும், இப்போது ஊதாமல் ஈரப் பஞ்சால் துடைக்கும் கூடத்துச் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நினைவு மலருக்கு அக்காவின் புகைப்படம் கேட்டு, கூடத்து வேலையை விட்டபின் செல்வி நடத்தும் இட்லிக் கடைக்குப் போயிருந்தேன். "அக்கா இருந்தா மூச்சு எப்டி இருக்குதுன்னுதான் மொதல்ல கேட்டிருப்பாங்க," என்றார். அக்காவுக்காக நான் கேட்டேன்.

"நடுவுல நிக்காம மாடிப்படி ஏறுறேன் தம்பி," என்றார்.