விலாசம் ஒட்டுகிறவர்

மூன்றாவது மாடியில் இறங்க வேண்டியவர் நான்காவது மாடியில் இறங்கி, கண் டாக்டரைப் பார்க்க வந்தவர்களின் வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "நம்ம லேபுக்கு இத்தனை பேரை யாருப்பா வரச் சொன்னது?" என்று கேட்பார். வருஷக்கணக்காக அதே லிஃப்ட், அதே பொத்தான்.

இவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் 'விலாசம் அக்கா'. சிரிக்காதீர்கள், வேலையால் வந்த பெயர் அது. புற்றுநோய் மருந்தைக் கொழுப்பாலான நானோ துகள்களுக்குள் அடைப்பார். தலைமுடியின் பருமனை ஆயிரமாக வகுத்தால் வரும் அளவு ஒரு துகள். அதன்மேல், கட்டியின் செல்லைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை விலாசம் மாதிரி ஒட்டுவார். மருந்து உடம்பெல்லாம் சுற்றி வதைக்காமல் நேரே கட்டிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். "எவ்ளோ சரியா ஒட்டி அனுப்பினாலும் பாதி ஈரல்ல போய் உட்கார்ந்துக்குதுங்க. ஊர்சுத்தி ஜென்மங்க!" என்று குடுவையைப் பார்த்துத் திட்டுவார். துகளுக்குக் காது உண்டா என்று, அவரோடு லேபில் வேலை பார்க்கும் நான் ஒருநாள் கேட்டேன். "உனக்கு இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார். வாய் அப்படி.

துகள்கள் எங்கே சேர்ந்தன என்று காட்டும் ஸ்கேனை மட்டும் அவர் பார்க்கமாட்டார். திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஈரலா? சொல்லித் தொலை!" என்பார்.

போன வாரம் ஸ்கேனுக்கு வந்தது அவருடைய சொந்தத் தங்கை. கழுத்தெலும்புக்குக் கீழே கட்டி. மற்ற மருந்துகளெல்லாம் கைவிரித்துவிட்டன. இந்தப் புது சிகிச்சைதான் பாக்கி. அதற்கும் ஒரு நிபந்தனை: முதலில் மருந்தில்லாத துகள்களை ஏற்றிப் பார்ப்பார்கள். கட்டியில் போய்ச் சேர்ந்தால் சிகிச்சை, சேராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"என் வீட்டுக்கே மூணு பேர்கிட்ட வழி கேட்டு வர்றவ, டாக்டர், இவ. இவ அனுப்பின சாமான் எங்க போய்ச் சேருமோ!" என்றாள் தங்கை, ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடம். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

படம் வந்தபோது வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றார். வழக்கமான கேள்வி மட்டும் வரவில்லை. திரையில் ஈரல் பளிச்சென்று இருந்தது. டாக்டர் படத்தை மேலே நகர்த்தினார். கழுத்தெலும்புக்குக் கீழே இன்னொரு வெளிச்சம், சின்னதாக, அழுத்தமாக.

"வந்து சேர்ந்திருக்கும்மா," என்றார் டாக்டர். "சிகிச்சையை ஆரம்பிச்சிடலாம்."

அக்கா திரும்பவே இல்லை. "எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வரேன்," என்று பக்கத்திலிருந்த கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அது வாசல் கதவு அல்ல, துடைப்பமும் வாளியும் வைக்கிற அறை. உள்ளே வாளி ஒன்று உருண்டது. பிறகு விசும்பல் கேட்டது. பாவம், அந்த அழுகையை எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாரோ. நாங்கள் திரையை உற்றுப் பார்ப்பதுபோல நின்றோம்.

தங்கை எழுந்து போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"வழி இந்தப் பக்கம்க்கா," என்று கையை உள்ளே நீட்டினாள்.

இருட்டிலிருந்து, லேப் கையுறை கழற்றாத ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.