நீக்கப்பட்ட பூட்டு வரிகள்

தொண்ணூறுகளில் மலேசியாவின் பிறை நகரிலிருந்த ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களை ஓட்டும் கணினியின் இயங்குதளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதன் உள்ளே நடப்பதையெல்லாம் நினைவகத்தில் பதியும் நிரலை நான்தான் எழுதினேன். பதியும்போது அந்த நினைவகப் பகுதியை வேறெதுவும் எடுத்துவிடாதபடி பூட்டியே ஆகவேண்டும். என் மேலாளர் எனக்குத் தெரியாமல் நிரலில் அந்தப் பூட்டைப் போடும் வரிகளை நீக்கிவிட்டார். மறுநாளே இயந்திரம் அப்படியே நின்றுபோனது. பழியை அதை இயக்கிய, நாங்கள் அக்கா என்றழைக்கும் மூத்த தொழிலாளியின் தலையில் போட்டு, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். அக்கா அழுதுவிட்டார்.

நிரலை அச்செடுத்து மேலாளரின் மேசையில் அறைந்தேன்.

“பூட்ட எடுத்தது யாரு, போஸ்?”

“ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு லா. சின்ன விஷயம்.”

“அப்போ அந்த லெட்டர்ல ஒங்க பேர எழுதுங்க!”

கடிதத்தைக் கிழித்தார். ஆனால் அக்காவிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.