மைனி சொன்ன படங்கள்

மழைக்காலத்தில் ஒரு நாள், நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசல்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டு போட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதனால் புனேயில் தன் மகன் வீட்டில் இருந்த மைனி எனக்கு உதவியாகப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

மைனி என் கணவரின் அக்கா. பிறந்தது சாத்தான்குளத்தில். இருபது வயதில் கல்யாணமாகி, மத்தியப் பிரதேசத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போனவர். அவர் கணவர் அந்தச் சுரங்கத்தில் கணக்கு எழுதினார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்கள். பிறகு கணவர் இறந்ததும் மைனி மகனோடு போய்விட்டார். கல்யாணம், துக்கம் என்று பார்த்துக்கொண்டதைத் தவிர எனக்கு அவரோடு பழக்கமில்லை. அதிகம் பேசாதவர், சமையலில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுவார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

பகல் பொழுதைப் போக்குவதுதான் பெரும் பாடாக இருந்தது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலிலேயே கிடப்பேன். மைனி வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாப்பாடு முடிந்ததும் டிவியில் எதையோ தேடி ஒரு பழைய இந்திப் படத்தைப் போட்டார். கறுப்பு வெள்ளைப் படம். அதில் நடித்திருந்த நடிகையை எனக்கு முகமாகத் தெரியும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் அந்த அம்மாள் படம் போடும்போது, ஒன்றும் புரியாமல் பாட்டு வரும்வரை காத்திருந்து பார்த்திருக்கிறேன்.

"எனக்கு இந்தி தெரியாதே மைனி" என்றேன்.

"நான் சொல்லுதேன், நீ சும்மா பாரு" என்றார்.

அந்தப் படத்தில் அந்த நடிகை ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. காட்டுக்கு நடுவே சின்ன ரயில் நிலையம். நாளுக்கு ஒரு வண்டிதான் நிற்கும். புருஷன் காரணமில்லாமல் சந்தேகப்படுகிறான். அவள் வாய் திறப்பதில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறாள், சிக்னல் கொடியைத் துவைத்துக் காயப்போடுகிறாள். பேசுவதற்கு முன்னால் எப்போதும் தன் கைகளை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள்வாள். அழ வேண்டிய இடங்களில் அழவில்லை. பழைய படம் என்றாலே அழுகை என்று நினைத்திருந்த எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மைனி சின்ன வெங்காயம் உரித்தபடியே, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வரி சொல்லிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசியில் அவள் வீட்டை விட்டுப் போய், திரும்ப ஒரு நாள் அந்த ஸ்டேஷனுக்கு வருகிறாள். புருஷன் பிளாட்பாரத்தில் நிற்கிறான். அவள் அவன் முன்னால் குனிகிறாள். படம் மங்கலாக இருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"என்ன செய்யுதா மைனி?"

"வீட்டுச் சாவிய அவன் காலடியில வைக்கா. இனிமே இது உன் வீடு, நீயே பூட்டிக்கோன்னு சொல்லுதா. அந்தா, வண்டி கெளம்பிட்டு பாத்தியா, அதுல ஏறிட்டா."

ரயில் போவதும், நீண்ட நேரம் அவள் முகமுமாகப் படம் முடிந்தது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு படம் எடுத்திருக்கிறார்களே என்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே "ம்" என்றார்.

அடுத்த படத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். மேலப்பாளையத்துக்காரி. புருஷன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகன் பள்ளிக்கூடம் போனபின் தனியாக இருப்பாள். என் காலைப் பார்க்க, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம் எடுத்துக்கொண்டு வந்தவள், படம் ஓடுவதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு அந்த நடிகைக்கு இரட்டை வேடம். சின்னதிலேயே பிரிந்துபோன இரண்டு சகோதரிகள். ஒருத்தி பங்களாவில் வளர்கிறாள், ஒருத்தி பழம் விற்கிறாள். பழக்காரி நடக்கும்போது கூடை தலையில் இல்லாவிட்டாலும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நடப்பாள். அந்த ஒன்றை வைத்தே யார் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். கடைசியில் பழக்காரி, அக்கா மடியில் தலை வைத்துக் கண்ணை மூடுகிறாள். பின்னணியில் ஷெனாய் வாசிக்கிறார்கள். காமிரா மேகத்துக்குப் போய்விட்டது.

"செத்துட்டாளா?" என்று கேட்டேன்.

"மயக்கந்தான். வெயில்ல அலைஞ்சவல்லா. கொஞ்ச நேரத்துல எந்திச்சிருவா" என்றார் மைனி.

பக்கத்து வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது படத்தில் அந்த நடிகை ஒரு தறிக்காரி. ஜமீன்தார் செய்த கொலையை நேரில் பார்த்த ஒரே சாட்சி. கூண்டில் ஏறி அவள் பேசும் காட்சி வெகுநேரம் ஓடியது. அவள் உள்ளதை உள்ளபடி சொன்னதாகவும், நீதிபதி விலைபோய்விட்டதாகவும் மைனி சொன்னார். நாங்கள் நீதிபதியைத் திட்டினோம். இப்படியே அந்த மாதம் போயிற்று. நடிகையின் வயதும் படத்துக்குப் படம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியாகப் பார்த்த கலர் படத்தில் மலையூர் விடுதியொன்றின் நரைத்த தலைமையாசிரியையாக வந்தாள்.

கட்டு பிரிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு கல்யாணத்துக்காக மைனி சாத்தான்குளம் போனார். நான் தனியாக இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தோன்றிப் படத்தைப் போட்டேன். ரிமோட்டில் எதையோ அழுத்தப்போக, படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓட ஆரம்பித்தது. வசதியாகப் போயிற்று என்று படித்துக்கொண்டே பார்த்தேன்.

முதல் பாதி வரை மைனி சொன்னதுதான். அதற்குப் பிறகு கதை வேறு பாதையில் போனது. பிளாட்பாரத்தில் அவள் சாவி எதையும் வைக்கவில்லை. புருஷன் காலைத் தொட்டு, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறாள். உங்கள் நிழலில் கிடந்தால் போதும் என்கிறாள். அவன் தூக்கி நிறுத்துகிறான். அவள் ரயிலில் ஏறவே இல்லை. வண்டி மட்டும்தான் போகிறது.

எனக்கு உள்ளே என்னவோ போல் இருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்து மற்ற படங்களின் கடைசிப் பகுதிகளை ஓட்டிப் பார்த்தேன். பழக்காரி செத்துத்தான் போயிருந்தாள். தறிக்காரி குழந்தைகளுக்குப் பயந்து, தான் எதையும் பார்க்கவில்லை என்று சாட்சி சொல்லியிருந்தாள். நாங்கள் அவ்வளவு திட்டிய நீதிபதி நியாயமான மனுஷர்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. எங்க வாப்பா பம்பாயில கடை வச்சிருந்தாங்கல்லா. நான் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் அங்கனதான் படிச்சேன். இந்தி நல்லாவே தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"மொத நாளு சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். மயக்கந்தான், எந்திச்சிருவான்னு அவங்க சொன்னதும் சிரிப்பு வந்துட்டு. பெறகு அடுத்த படத்துல என்ன சொல்லுவாங்களோன்னு கேக்க ஆசையாயிட்டு. படத்துல உள்ளதவிட இவங்க சொல்லுததுதாம்க்கா நல்லாருக்கு."

மைனி கல்யாணப் பலகாரத்தோடு திரும்பி வந்தார். அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு நேராகவே கேட்டேன். மறைத்துப் பேசவும் மனம் வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

"மைனி, ஸ்டேஷன் மாஸ்டர் படத்துல அவ கால்ல விழுந்து மன்னிப்புல்லா கேக்கா?"

மைனி என்னைப் பார்த்தார். சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை.

"ஆமா. மாத்தித்தான் சொன்னேன்."

"ஏன்?"

"நான் மொதல்ல பாத்தப்போ அப்படித்தான் பாத்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. யாருக்கும் தெரிந்திருக்கும் என்றும் தோன்றவில்லை.

கல்யாணமாகிப் போன புதிதில் மைனிக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. பக்கத்தில் தமிழ்க் குடும்பமும் இல்லை. "எங்க வீட்டுக்காரவிய கை ஓங்க மாட்டாவ. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ஆனா பேச மாட்டாவ. ஏதாவது மனசுக்குப் புடிக்கலைன்னா வாய மூடிருவாவ. பெறகு மாசக்கணக்குல ஒரு சொல் கெடையாது. என்ன தப்பு செஞ்சேன்னும் சொல்ல மாட்டாவ. ஒரு வருசத்துல என் சத்தமே எனக்கு மறந்துபோச்சு."

சுரங்கக் குடியிருப்பில் சனிக்கிழமை தோறும் மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவார்களாம். பெண்களுக்குத் திரையின் பின்பக்கம் இடம். அங்கேயிருந்து பார்த்தால் எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும். அந்த நடிகை படம் முழுக்க இடது கையால் விளக்கேற்றுவாளாம். பேசுவது ஒன்றும் புரியாது. முகத்தைப் பார்த்து மைனியாகவே கதை கட்டிக்கொண்டார்.

"அந்த மொகத்தப் பாத்தா மன்னிப்புக் கேக்குத மொகம் மாதிரியா இருக்கு? நீயே சொல்லு. குலசை கோயில் தசராவுக்கு வேசம் கட்டி வாரவன் என்ன பேசினாலும், நம்ம அவன் கண்ணத்தான பாக்கோம்? அப்படித்தான் பாத்தேன். அவ சாவிய வச்சிட்டுப் போயிட்டான்னு எனக்கு நிச்சயம். அடுத்த வாரமே பிள்ளையத் தூக்கிக்கிட்டு நானும் ரயிலேறிட்டேன்."

"சாத்தான்குளத்துக்கா?"

"வேற எங்க? ஒரு வருசம் இருந்தேன். ஊர்க்காரங்ககிட்ட எனக்கு மஞ்சக்காமாலைன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. எந் தம்பி, உன் மாப்பிள்ள, அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சிக்கிட்டிருந்தான். விடிஞ்சா எனக்குக் கீழாநெல்லி பறிச்சிட்டு வந்து நிப்பான். எங்கம்மா அரைச்சி மோருல கலக்கித் தருவா. ஒரு சீக்கும் இல்லாம ஒரு வருசம் குடிச்சேன் அந்தக் கசப்ப."

நான் சிரித்துவிட்டேன். மைனியும் சிரித்தார்.

வருஷக் கடைசியில் அவர் கணவர் கூப்பிட வந்திருக்கிறார். முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் மைனி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். "பேசுதேன்னு சொன்னா வாரேன்னேன். அவிய ரொம்ப நேரம் கீழ பாத்துக்கிட்டு நின்னாவ. பெறகு, எனக்கு எப்படிப் பேசணும்னு தெரியாது, பழகிக்கிடுதேன்னாவ. அதுவே பெரிய பேச்சுல்லா? கெளம்பிட்டேன். பெறகு பேசத்தான் செஞ்சாவ. கடைசிக் காலத்துல ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு, நர்சுக்குக் காது வலிக்கிற அளவுக்குப் பேசினாவ."

"படத்துல உண்மையில என்னன்னு எப்ப தெரிஞ்சிது?"

"இந்தி பழகினதுக்கப்புறம் அதே மைதானத்துல திரும்பப் போட்டான். அன்னைக்கு ஆம்பளைக பக்கமாப் போயி உக்காந்து கேட்டேன். சப்புன்னு ஆயிட்டு. வசனம் எழுதுனவனுக்கு அந்தப் பொம்பள மொகம் புரியல, அவ்வளவுதான்."

அன்று ராத்திரி மைனி சொன்னதையெல்லாம் என் கணவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அக்காவின் மஞ்சள்காமாலையைத் தான் குணப்படுத்தியதாக ஒரு பெருமை உண்டு. அதைப் பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கட்டைப் பிரித்தார்கள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பைய நடக்க ஆரம்பித்தேன். புனேயிலிருந்து மகன் தினமும் போன் பண்ண ஆரம்பித்தான். மருமகளுக்கு வேலை அதிகம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, டிக்கெட் போடட்டுமா என்று கேட்பான். மைனி "பாப்பம்" என்பார். ஒரு நாள் காலையில் சந்தைக்குப் போனவர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மாடிப் பகுதிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கத்தரிக்காயோடு திரும்பினார்.

என் கணவர்தான் ரொம்பக் கொதித்தார். "இங்கன உனக்கு என்ன கொற? ஊர்ல என்ன நெனப்பாங்க? நாங்க வெரட்டி விட்டோம்னுல்லா பேசுவாங்க?"

"ஒரு கொறையும் இல்ல" என்றார் மைனி. "கல்யாணத்துக்கு முந்தி அப்பா வீடு. பெறகு அவிய வீடு. பெறகு மகன் வீடு. இப்ப தம்பி வீடு. ஒரு வீட்ட நானே பூட்டித் தொறந்து பாக்கணும்னு இருக்கு. விடேன்."

"மகன் கூப்பிடுதானே?"

"லீவுக்குப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வரட்டும். ஆத்துல குளிக்க வைக்கேன்."

மகன் ஒரு மாதம் போன் பண்ணவில்லை. பிறகு பண்ணினான். பெரிய விடுமுறைக்குப் பேத்தி வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனாள். ஊரில் யாரும் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. பேசியிருந்தாலும் எங்கள் காதுக்கு வரவில்லை. என் கணவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அக்கா வீட்டில்தான் டீ குடிக்கிறார்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மழை நாளில் கணுக்கால் கொஞ்சம் வலிக்கும். முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மைனி வீட்டு மாடிக்குப் போவோம். போன வாரம் அந்த நடிகையின் படம் ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டோம். மைனி அதற்கு முன் பார்க்காத படம். அதில் அவள் ஒரு நர்ஸ். மைனி ஒரு வசனம் விடாமல் உள்ளதை உள்ளபடியே சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் இடையில் இரண்டு வார்த்தைகளைத் திருத்தினாள். அதைக் கேட்டு மைனி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒனக்கு இந்தி தெரியுமாட்டி?"

"கொஞ்சம் தெரியும்" என்றாள் அவள்.

மைனி சிரித்துக்கொண்டே டிவி பக்கம் திரும்பினார். படம் சுவாரசியமாக இல்லை. நடிகைக்கு வேலையே இல்லை, டாக்டர்தான் பேசிக்கொண்டே இருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.