கிட்டார் கழுத்தும் தேக்குச் சீவலும்

தூத்துக்குடியில் ராஜதுரையின் பட்டறைக்கு வழி கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கல்யாணக் கட்டில் செய்யக் கொடுத்தவர்களுக்கு அவர் கட்டில்காரர். சர்ச் பாடகர் குழுக்காரர்களுக்குக் கிட்டார் அண்ணாச்சி. இரண்டும் ஒரே ஆள்தான். உடன்குடியில் அப்பாவின் கருப்பட்டிக் கடையில் உட்காரச் சொன்னார்கள். தராசு பிடிக்கிற கை இது இல்லை என்று கிளம்பி வந்து உளியைப் பிடித்தார். இப்போது வயது நாற்பத்தெட்டு. கை நிறைய வேலை, வாய் நிறையப் பேச்சு, மதியம் ஒரு தூக்கம். மனக்குறை என்று எதுவும் கிடையாது.

கர்வம் மட்டும் உண்டு. மரமும் மரமும் சேருகிற இடத்தில் ஒரு தாள் நுழையக் கூடாது. இடைவெளி விட்டுவிட்டு அதில் எதையாவது சொருகி அடைக்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. “சந்துல சீவல் சொருகுதவன் தச்சனே இல்ல” என்று, பாவம், பக்கத்துக் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் கர்வம்தான் விக்டோரியாவின் கிட்டாரில் வந்து முட்டியது.

விக்டோரியா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஒன்பது வருடமாகச் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறாள். ஒன்பது வருடமும் பின்வரிசையில்தான். முன்னால் நின்று தனியாக வாசிக்கிற பிரைட்டன் இந்த வருடம் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால், மாதா திருவிழாவில் அந்த இடம் அவளுக்கு வந்தது. வந்த நேரம் பார்த்துக் கிட்டாரின் கழுத்து, விரல் ஓடுகிற அந்த நீளக் கட்டை, ஆடத் தொடங்கியது.

“ஞாயித்துக்கிழமை திருவிழா அண்ணாச்சி. ஆடாம மட்டும் பண்ணித் தாங்க” என்று திங்கட்கிழமை கொடுத்துவிட்டுப் போனாள்.

எலக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தை உடம்போடு சேர்க்க மூன்று வழி உண்டு. உடம்பில் ஒரு குழி எடுத்து, அதில் கழுத்தை உட்கார வைத்து, பின்பக்கமிருந்து நாலு ஸ்க்ரூ முடுக்குவது ஒன்று. அதே மாதிரிக் குழியில் பசை வைத்து ஒட்டிவிடுவது இன்னொன்று. மூன்றாவதில் கழுத்து மரமே உடம்பின் நடுவில் அடிவரை ஓடும். சேர்க்கிற வேலையே இல்லை. ராஜதுரைக்கு மூன்றும் தெரியும். விக்டோரியாவின் கிட்டார் முதல் வகை.

கழற்றிப் பார்த்தால் நாலு ஸ்க்ரூவும் துரு. உப்புக்காற்று தின்றது போக மிச்சம்தான் இருந்தது. ஓட்டைகளும் பெருத்துப் போயிருந்தன. குழியின் உள்கோடியில் மஞ்சள் படிந்த ஒரு அட்டைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ‘எந்தப் புண்ணியவானோ சந்துக்கு அட்டை சொருகியிருக்கான்!’ என்று அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டார். இந்த ஊரில் இரும்பை நம்பி என்ன பிரயோஜனம்? ஓட்டைகளுக்கு மர ஆணி அடித்து அடைத்தார். குழியை இழைத்துச் சமமாக்கி, வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி, கழுத்தை இறக்கி இறுக்கிக் கட்டினார். மறுநாள் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. கட்டிலுக்குக் கால் வைத்த திருப்தியோடு மதியம் தூங்கப் போனார்.

செவ்வாய் சாயங்காலம் விக்டோரியா வந்து கம்பிகளை மாட்டினாள். கழுத்தின் தலைப்பக்கத்தில் சரியாக இருந்தது. உடம்பை நெருங்க நெருங்கக் கம்பி மரத்தை விட்டு எழும்பி நின்றது. உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜை அடிமட்டம்வரை இறக்கியும் பலிக்கவில்லை. அவள் தனியாக வாசிக்கவேண்டிய இடமோ உடம்பை ஒட்டிய, சுரம் உயர்கிற அந்த மேல்கோடியில்தான். அழுத்தினாள், விரல் வலித்தது, சுரம் பிசிறியது.

“உள்ள ஒரு அட்டை இருந்துச்சே அண்ணாச்சி, அதை வச்சிருக்கியள்லா?”

அந்த அட்டைதான் கழுத்தை மயிரிழை பின்னுக்குச் சாய்த்துக் கம்பியைத் தாழ வைத்திருந்தது என்பது ராஜதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. மரம் விரிந்துவிட்டது, சீதோஷ்ணம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

“குப்பைன்னு நெனச்சு தூரப் போட்டுட்டேம்மா. பசை வச்சு ஒட்டவும் செஞ்சிட்டேன். தப்பு என் மேலதான்.”

அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “ஒம்பது வருசம் அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை வா. ஒட்டுனவனே பிரிச்சுத் தாரேன்.”

புதன் காலை மனைவி பிரேமாவின் குக்கர் பட்டறைக்கு வந்தது. வெயிட்டைக் கழற்றிவிட்டு, நீராவி வருகிற மூக்கில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியில் கால்பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி. அடைத்த ஓட்டைகளில் இரண்டைப் பின்பக்கமாக மறுபடி துளைத்து, ஊசியை விட்டு, பசைக்கு நேராக ஆவியைச் செலுத்தினார். பிரேமா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

“கிட்டாருக்கு இட்லி அவிக்கிற ஆளை இப்பதான் பாக்கேன்.”

“சும்மா இருளா, தீயைக் கொறச்சு வை.”

மெல்லிய கத்தியை நுழைத்து நுழைத்து அசைத்ததில், முக்கால் மணி நேரம் கழித்து, பல் பிடுங்கின மாதிரிக் கழுத்து கையோடு வந்தது. பின்பக்கம் பாலிஷ் கொஞ்சம் வெளுத்துவிட்டது. மரம் பிழைத்தது. ராஜதுரை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

இரண்டு நாள் ஃபேனுக்கடியில் காயவிட்டு, வெள்ளிக்கிழமை காலை புது ஓட்டை போட்டார். விசைப்படகுக்குச் சாமான் விற்கிற கடையில் துருப்பிடிக்காத ஸ்க்ரூ நாலு வாங்கிவந்தார். அப்புறம் தேக்கில் ஒரு சீவலை இழைத்தார். ஒரு பக்கம் அட்டை கனம், மறுபக்கம் ஒன்றுமில்லை. வைத்துப் பார்த்து எடுத்தார், மறுபடி தேய்த்தார். கட்டிலுக்குக்கூட இத்தனை தடவை அளந்ததில்லை. மதியத் தூக்கம் போனது. விக்டோரியா வந்து மேல்கோடிவரை வாசித்துப் பார்த்தாள். உடனே இன்னொரு தடவை வாசித்தாள். அதிலேயே அவருக்குப் பாதி உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கூட்டத்தில் ராஜதுரையும் பிரேமாவும் வாசலோரம் நின்றார்கள். விக்டோரியா முன்னால் தனியாக நின்றாள். அவள் விரல்கள் கழுத்தில் ஏறி, உடம்பைத் தொடுகிற இடத்துக்குப் போய், அங்கேயே நின்று விளையாடின. ஒரு சுரம் பிசிறவில்லை. ராஜதுரைக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது.

“என்ன தனியா சிரிக்கிய?”

“அந்தக் கழுத்துக்கடியில நான் வச்ச சீவல் கெடக்குளா.”

“சந்துல சீவல் சொருகுதவன் தச்சனே இல்லன்னு சொல்லுவியளே?”

“ஆமா, சொன்னேன். அதான், பின்னால கழத்துதவன் எந்தப் புண்ணியவானோன்னு தேடாம இருக்க, பென்சில்ல என் பேரையும் ஊரையும் அதுல எழுதி வச்சிருக்கேன்.”